வராத சுறா
(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



"எஞ்சினியரைப் பேசச் சொன்னா சினிமா பேசறானே" என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. நான் பேசப்போவது ஒரு மெஷின் பிரேக்டவுன் பற்றித்தான்!

1975-இல் வந்த 'ஜாஸ்' படத்துக்காக ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் குழுவினர் இயந்திரச் சுறாக்களைச் செய்தார்கள். காற்றழுத்தத்தில் இயங்குபவை. கடலில் இறக்கியதும் உப்புத் தண்ணீர் தன் வேலையைக் காட்டிவிட்டது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. நம்ம சைட்டாக இருந்தால் மெமோ வந்திருக்கும்.

சுறா இல்லாமல் சுறாப் படம் எடுப்பது எப்படி? கேமராவையே சுறாவாக்கினார்கள். தண்ணீருக்கடியிலிருந்து மேலே பார்த்தால் நீந்துகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். முதலில் பலியாகும் பெண்ணை இழுப்பது எது என்று கண்ணில் படவே படாது. பின்னால், சுறாவோடு கட்டிய மஞ்சள் பீப்பாய் தண்ணீர்மேல் ஓடும். வெறும் பீப்பாய்தான், ஆனாலும் வயிறு கலங்கும்.

பிரேக்டவுன்தான் படத்தைக் காப்பாற்றியது என்று சொல்வார்கள். என் கணக்கில் அது பாதிதான். மீதி, ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசை. மாறி மாறி வரும் இரண்டே ஸ்வரங்கள், சுறா நெருங்க நெருங்க வேகம் கூடும். இதை ஒரு சிக்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பையன்கள் அட்டையில் செய்த சுறாத் துடுப்பை வைத்துக் கடற்கரையையே அலற வைக்கும் காட்சியில் அந்த இசை வராது. சிக்னல் பொய் சொல்லாது என்று நம்மை இப்படிப் பழக்கிவிடுகிறார்கள். இசை இல்லையா, ஆபத்தும் இல்லை.

நன்றாகப் பழகிய பிறகு, போலீஸ் அதிகாரி படகின் பின்புறம் நின்று ஏதோ முனகிக்கொண்டே இரையை அள்ளிக் கடலில் போடுகிறார். இசை இல்லை. நாமும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம். சுறாத் தலை பட்டென்று மேலே வருகிறது! அத்தனை நேரம் சரியாக வேலை செய்த சிக்னலை அந்த ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றே நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் படத்துக்கு ஆஸ்கர் மூன்று: எடிட்டிங், இசை, ஒலி. சுறா செய்தவர்களுக்கு ஒன்றுமில்லை, பாவம்.

தம்பிகளே, ஹாஸ்டலில் யாராவது இந்தப் படத்தைப் போட்டால், ஒரு தடவை சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் பயம் குறைகிறது, எங்கே குறையவில்லை என்று குறித்துவைத்து, அடுத்த கூட்டத்தில் எனக்குச் சொல்லுங்கள்.