நிறுத்தி வைத்த காரை யாரோ இடித்துவிட்டால்

(ஸ்பிரிங்வேலில், புதிதாக வந்த எம்மவர்களுக்கான தகவல் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியபடியே பெரும்பாலும் விட்டிருக்கிறோம்.)



விசாவைப் பற்றிக் கதைக்காமல் இதென்ன கார்க் கதை எண்டு சிலர் யோசிக்கலாம். டண்டினோங் சவுத்தில் விடியப்புறம் ஐந்து மணிக்கு வேலை தொடங்குகிற ஒருவர் பஸ்சை நம்பிப் போக ஏலாது. கார் இல்லையென்றால் அவருக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வாடகை இல்லை. ஆனபடியால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கோ.

ஞாயிற்றுக்கிழமை பக்கிங்ஹாம் அவெனியூப் பக்கம் காரை விட்டுவிட்டு மரக்கறி, மீன் வாங்கப் போகிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் கதவு உள்ளுக்குப் போயிருக்கிறது. இடித்தவர் பக்கத்தில் நிற்கலாம். கண்ணாடியில் ஒரு துண்டு எழுதி வைத்திருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் போயும் இருக்கலாம். எது நடந்தாலும் எங்கட ஆக்கள் முதல் சொல்லுகிற வசனம் ஒன்றுதான்: "எனக்கு இன்சூரன்ஸ் இல்லை, நான் என்ன கேக்கிறது?" இந்த வசனம் பிழை. ஏன் பிழை என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

அதற்கு முதல் இன்னொரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஊரிலே காப்புறுதிப் பத்திரம் காட்டாமல் வாகன வரி அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. இங்கேயும் றெஜோ கட்டினால் இன்சூரன்சும் சேர்ந்துதான் வருகுது என்று பலர் நம்புகிறார்கள். பாதி உண்மை. விக்ரோறியாவில் றெஜோக் காசுக்குள் ரி.ஏ.சி. கட்டணம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு அது. வீதி விபத்தில் ஆளுக்குக் காயம் பட்டால், யார் பிழை என்று பார்க்காமல் வைத்தியச் செலவைப் பார்க்கும். தகரத்துக்கு ஒரு சதமும் தராது. சிட்னியில் சொந்தக்காரர் இருந்தால் அவர்கள் 'கிறீன் சிலிப்' என்று சொல்லுவார்கள். அதுவும் ஆளுக்குத்தான், காருக்கு இல்லை.

காருக்கான காப்புறுதி நீங்களாக வாங்குவது. கொம்பிரிஹென்சிவ் என்பது உங்கள் காருக்கும் மற்றவரின் காருக்கும் சேர்த்தது. தேர்ட் பார்ட்டி புறொப்பேட்டி என்பது நீங்கள் இடித்த மற்றவரின் சொத்துக்கு மட்டும், அதனால் மலிவு. இரண்டுக்கும் நடுவில், களவும் நெருப்பும் சேர்ந்த ஒன்று உண்டு. ஆலங்கட்டி மழைக்கு நடுவில் உள்ளதும் உதவாது. 2010 மார்ச் 6ஆம் திகதி மெல்பேர்ணில் ஆலங்கட்டி கொட்டியபோது வெளியில் நின்ற கார்கள் எத்தனையோ சொட்டை விழுந்து போயின. கொம்பிரிஹென்சிவ் வைத்திருந்தவர்களுக்குத்தான் காப்புறுதிக் காசு கிடைத்தது.

சரி, இப்ப அந்தப் பிழையான வசனத்துக்கு வருவோம். ஒழுங்காக நிறுத்தி வைத்த உங்கள் காரை ஒருவர் வந்து இடித்தால் பிழை பெரும்பாலும் அவருடையது. திருத்தச் செலவைத் தர வேண்டியவர் அவர். உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்குதோ இல்லையோ, அந்தக் கடன் அவருடையது. அவரிடம் இன்சூரன்ஸ் இருந்தால் அவரது கம்பனி அவருக்காகக் கட்டும். ஆகவே உங்களுக்குத் தேவையான முதல் சாமான் உங்கட இன்சூரன்ஸ் இல்லை. இடித்தவர் யார் என்கிற விபரம்.

ஊரிலே விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரருக்கு ஒரு கோல் அடிப்போம், அவர்களின் ஆள் மோட்டார் சைக்கிளில் அந்த இடத்துக்கே வந்து படம் எடுத்துக் கணக்குப் பார்ப்பார். இங்கே ஒருவரும் வரமாட்டார். அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஆள் நின்றால் அவரின் பெயர், முகவரி, ரெலிபோன் நம்பர், றெஜோ நம்பர், எந்த இன்சூரன்ஸ் கம்பனி என்பவற்றைக் கேளுங்கோ. லைசென்சை ஒரு படம் எடுக்கலாமா என்றும் கேளுங்கோ. கார் ஓட்டியவரும் சொந்தக்காரரும் வேறாக இருந்தால் இரண்டு பேரின் விபரமும் வேண்டும். காரை அரக்க முதல், இரண்டு காரும் நின்ற நிலையைத் தூரத்திலிருந்தும் கிட்டவும் படம் எடுங்கோ. பார்த்துக்கொண்டு நின்ற கடைக்காரரின் நம்பரையும் வாங்கி வையுங்கோ.

கையில காசைத் திணித்து "இதோட முடிப்பம்" என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். நூறு, இருநூறு டொலர் பெரிய காசாகத் தெரியும். ஆனால் ஒரு கதவை நேராக்கிப் பெயின்ற் அடிக்க பனல் பீற்றர் கேட்பது அதைவிடப் பல மடங்கு. எந்தக் கடுதாசியிலும் அந்த இடத்தில் கையெழுத்து வைக்காதேங்கோ. கார் ஓடமுடியாத நிலை என்றால் இழுவைக்காரரின் அனுமதிப் படிவம் மட்டும் விதிவிலக்கு. மெல்பேர்ணில் விபத்துக் காரை இழுப்பதற்கு 13 11 76 இலக்கத்தைத்தான் அழைக்க வேண்டும், கட்டணமும் அரசாங்கம் வைத்தது. அவர் "இழுக்க" அனுமதி கேட்டால் கொடுங்கோ. "திருத்த" அனுமதி என்று இன்னொரு கடுதாசி நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கோ.

ஆள் ஓடிவிட்டால்? பக்கத்துக் கடைகளில் கமரா இருக்குதா என்று அன்றைக்கே கேளுங்கோ. அந்தப் பதிவுகள் கொஞ்ச நாளில் அழிந்துபோகும். உங்கள் கையில் தர மறுத்தாலும், அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லலாம், பொலிசோ இன்சூரன்சோ பிறகு கேட்கும். றெஜோ நம்பர் மட்டும் கிடைத்தால் அதுவே பெரிய விசயம். விக்றோட்ஸ் இணையத்தளத்தில் அந்த நம்பரைப் போட்டால் காரின் வகையும் நிறமும் தெரியும், சொந்தக்காரரின் பெயர் தெரியாது. பெயரை எடுக்க உங்கள் இன்சூரன்ஸ் கம்பனியோ சட்டத்தரணியோ வழி காட்டுவார்கள்.

பொலிசுக்குப் போக எங்கட சனத்துக்குப் பயம். அந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். ஆனால் உங்கட காரை ஒருவர் இடித்துவிட்டு ஓடினதை ஸ்பிரிங்வேல் பொலிஸ் நிலையத்தில் சொல்வது நீங்கள் குற்றம் செய்தது ஆகாது. ஆளுக்குக் காயம் இல்லையென்றால் 000 அடிக்கத் தேவையில்லை. நேரே நிலையத்துக்குப் போகலாம். முறையிட்ட விபரத்தைக் குறித்து வையுங்கோ.

இனிக் காசு கேட்கிற வேலை. கொம்பிரிஹென்சிவ் இருந்தால் உங்கள் கம்பனிக்கு அடித்தால் போதும், இடித்தவரோடு மல்லுக்கட்டுவது அவர்கள் வேலை. இடித்தவரின் பெயர், முகவரி, றெஜோ நம்பர் கொடுத்தால் பெரும்பாலான கம்பனிகள் எக்செஸ் கேட்காது. எக்செஸ் என்றால் கோரிக்கை ஒவ்வொன்றிலும் முதல் பங்காக நீங்கள் கட்டும் தொகை. விபரம் இல்லாவிட்டால் அதைக் கட்டத்தான் வேண்டும், பொல்லிசியைப் பாருங்கோ. தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: இடித்தவருக்கு இன்சூரன்ஸ் இல்லை, ஆனால் ஆள் யாரென்று தெரியும் என்றால், பல பொல்லிசிகள் உங்கள் காருக்கும் சில ஆயிரம் டொலர் வரை தரும். கன பேருக்கு இது தெரியாது, கேட்பதுமில்லை.

ஒரு இன்சூரன்சும் இல்லாதவர் இரண்டு பனல் பீற்றரிடம் எழுத்தில் குவோட் எடுக்க வேண்டும். பிறகு இடித்தவருக்கு ஒரு கடிதம்: எந்த நாள், எந்த இடம், என்ன சேதம், எவ்வளவு, எத்தனை நாளுக்குள் தர வேண்டும், இன்சூரன்ஸ் இருந்தால் இந்தக் கடிதத்தை அவர்களுக்குக் கொடுக்கவும். இவ்வளவுதான். இங்கிலீஸ் அழகாக இருக்கத் தேவையில்லை. கடிதம் எழுத சமூகச் சட்ட நிலையம் உதவும். ஸ்பிரிங்வேலில் 1973இல் தொடங்கிய நிலையம் இன்றைக்கு சவுத்-ஈஸ்ட் மொனாஷ் லீகல் சேர்விஸ் என்ற பெயரில் இயங்குகிறது.

கடிதம் காரின் சொந்தக்காரர் பெயரில் போக வேண்டும். இங்கேதான் எங்கட ஆக்கள் மாட்டுப்படுவது. கூட்டாளியிடம் காரை வாங்கி, காசும் கொடுத்து, றெஜோவை மாற்றாமல் மாதக் கணக்கில் ஓடித்திரிவது. விக்ரோறியாவில் 14 நாளுக்குள் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், இடிபட்டது உங்கட கார்தான் என்று காட்டவே பெரும்பாடு படுவீர்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கோ. கார் 3,000 டொலர்தான் பெறும், திருத்த 4,500 டொலர் வேண்டும் என்றால் 4,500 தரமாட்டார்கள். இடிபட முதல் இருந்த பெறுமதியில், உடைந்த காரை விற்றால் வருகிற காசைக் கழித்துத் தருவார்கள். அவர்கள் முதல் சொல்லுகிற பெறுமதி குறைவாக இருக்கலாம். அதே வருசம், அதே வகைக் கார்கள் என்ன விலைக்குப் போகுது என்று நாலைந்து விளம்பரங்களை எடுத்துக் காட்டிக் கேளுங்கோ. கூட்டித் தருவார்கள், கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். கார் இல்லாத நாட்களுக்கு வாடகைக் கார்ச் செலவையும், நியாயமான அளவில், இடித்தவரிடம் கேட்கலாம். 2021 டிசம்பரில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றமே இந்த விசயத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் "உங்களுக்குச் செலவில்லை, நாங்கள் கார் தாறோம்" என்று வருகிற வாடகைக் கம்பனியின் ஒப்பந்தத்தை வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீங்கள் றிவேர்ஸ் எடுக்கும்போது நிற்கிற காரில் தட்டுப்பட்டுவிட்டால் ஓடவே கூடாது. உரிமையாளரைத் தேடி விபரம் கொடுங்கோ, அவர் இல்லாவிட்டால் பொலிஸ் நிலையத்தில் சொல்லுங்கோ. அதுதான் சட்டம். தட்டினது விபத்து, ஓடினது குற்றம். பிரிட்ஜிங் விசாவில் இருப்பவருக்குக் குற்றச்சாட்டு ஒன்று வந்தால் அது கார்க் கதையாக மட்டும் நிற்காது. தட்டுப்பட்ட கார் விலை கூடியது என்றால் கணக்குப் பத்தாயிரங்களில் வரும். அதற்குத்தான், கொம்பிரிஹென்சிவ் கட்ட வசதியில்லாதவரும் தேர்ட் பார்ட்டியாவது எடுங்கோ என்று எல்லாரிடமும் கெஞ்சுகிறேன். எடுக்கும்போது யார் யார் ஓட்டுவது, ஊபர் அல்லது சாப்பாட்டு டெலிவரி செய்வதா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ. இன்சூரன்ஸ் இல்லாமல் பில் வந்துவிட்டால் கடிதத்தை இழுப்பறைக்குள் போடாதேங்கோ. தவணையில் கட்டக் கேட்கலாம். 1800 007 007 இலக்கத்தில் கடன் ஆலோசகர்கள் இலவசமாக உதவுவார்கள்.

ரெலிபோனில் இங்கிலீசில் சமாளிக்க முடியாதென்றால் 131 450 அடியுங்கோ. "ரமில்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை எடுத்து, நீங்கள் சொல்லும் இடத்துக்குத் தொடர்பு தருவார்கள். இன்சூரன்ஸ் கம்பனிக்கு நீங்கள் அடிக்கும்போதும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். ஆரோடு, எந்த நாள், என்ன கதைத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ.

உங்கள் கம்பனி மாட்டேன் என்றால் எழுத்தில் காரணம் கேளுங்கோ, பிறகு எழுத்திலே முறையிடுங்கோ. பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் அஃப்கா என்று சொல்லப்படுகிற அவுஸ்திரேலிய நிதி முறைப்பாடுகள் அதிகாரசபைக்குப் போகலாம். 2018 நவம்பரில் தொடங்கியது, இலக்கம் 1800 931 678, ஒரு சதமும் செலவில்லை. இடித்தவர்தான் காசு தர மறுக்கிறார் என்றால் வழி நீதவான் நீதிமன்றம், எங்களுக்குக் கிட்ட உள்ளது டண்டினோங்கில். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு வருசம் வரை வழக்குப் போடலாம். போன வருசம் இடிபட்டு, "இனி என்ன" என்று விட்டவர்கள் இருந்தால் அந்தப் படங்களையும் குவோட்டையும் எடுத்துக்கொண்டு வாங்கோ, கடிதத்தை எழுதுவோம்.