இணையத்தை முடக்கினால் யார் வாய் அடைபடுகிறது?

(மாணவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணைய முடக்கம் என்றதும் காஷ்மீர் நினைவுக்கு வரும். வரவும் வேண்டும். 2019 ஆகஸ்டில் பறிக்கப்பட்ட 4ஜி அங்கே முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான். ஆனால் நான் பேச வந்தது 2018 ஏப்ரல் 2 பற்றி. நம்முடைய நாள் அது. நாமே அதிகம் பேசாத நாளும்கூட.

அந்த மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தது. முன் அனுமதி இல்லாமல் கைது கூடாது என்றது. இரண்டே வாரத்தில் வட இந்தியத் தலித் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரிய கட்சி எதுவும் முன்னின்று நடத்தியதல்ல. கைப்பேசியில் கைமாறிய அழைப்புக்குத்தான் அவ்வளவு கூட்டம். பஞ்சாப் அரசு என்ன செய்தது தெரியுமா? பந்துக்கு முந்தைய நாள் மாலையே மொபைல் இணையத்தை நிறுத்திவிட்டது. ஒரு கல்கூட விழாத நேரம்!

மத்தியப் பிரதேசத்தில் குவாலியர், பிண்ட், மொரேனா பகுதிகளில் உயிர்கள் போயின. இணையமும் போனது. அப்படியும் ஒரு காணொளி வெளியே வந்தது: குவாலியரில் ஒருவர் கைத்துப்பாக்கியால் சுடுகிறார். அது வராமல் போயிருந்தால் "தலித்துகள் கலவரம் செய்தார்கள்" என்ற ஒரே கதைதான் நின்றிருக்கும். வந்த பிறகும் பெரும்பாலான ஊடகங்கள் அந்தக் கதையைத்தான் சொன்னன என்பது வேறு விஷயம். வழக்குகளும் தலித் இளைஞர்கள் மீதே குவிந்தன.

ஆதிக்கச் சாதிக்கு இணையம் போனால் என்ன நஷ்டம்? காவல் நிலையத்தில் ஆள் இருக்கிறார், பத்திரிகையில் ஆள் இருக்கிறார், தாசில்தார் வீட்டு எண் இருக்கிறது. சேரியில் இருப்பவருக்குக் கையில் உள்ள அந்த ஒரு போன்தான் பத்திரிகை, அதுதான் சாட்சி.

வதந்தி பரவாதா என்று கேட்பீர்கள். பரவும். 2019இல் பொன்னமராவதியில் ஒரு வாட்ஸ்அப் ஆடியோ என்ன பாடு படுத்தியது என்று பார்த்தோம். சாதிவெறிக் குழுக்கள் இணையத்தில் செய்வதை நான் மறைக்கவில்லை. ஆனால் மணிப்பூரைப் பாருங்கள். 2023 மே 3 அன்று மொபைல் இணையம் துண்டிக்கப்பட்டது. மறுநாளே குக்கி-சோ பெண்கள் இருவர் நிர்வாணமாக இழுத்துச் செல்லப்பட்டனர். வெறுப்புக்கு இணையம் தேவைப்படவில்லை. மே 18இல் முதல் தகவல் அறிக்கை பதிவானது, ஒன்றும் நடக்கவில்லை. ஜூலை 19இல் காணொளி வெளியானது, மறுநாள் கைது. இடைப்பட்ட இரண்டரை மாதம் முடக்கம் காப்பாற்றியது அந்தப் பெண்களையா, குற்றவாளிகளையா?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2017இல் விதிகள் வந்தன. உள்துறைச் செயலாளர் உத்தரவிடுவார், ஒரு குழு ஆய்வு செய்யும். குழுவில் யார்? தலைமைச் செயலாளரும் அரசுச் செயலாளர்களும். அதிகாரி போட்ட உத்தரவை அதிகாரியே சரிபார்க்கிறார். 2020 ஜனவரியில் அனுராதா பசின் வழக்கில் உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முடக்கங்கள் நின்றுவிடவில்லை.

நம் ஊரிலும் நடந்தது. தூத்துக்குடியில் 13 பேர் கொல்லப்பட்ட 2018 மே மாதம் மூன்று மாவட்டங்களில் இணையம் இல்லை. துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு முடக்கினார்கள். யாரிடமிருந்து எதை மறைக்க?

எனவே நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். வன்கொடுமையைப் படம் எடுத்தால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். இணையம் இல்லாவிட்டால் மெமரி கார்டில் நகலெடுத்து ஊருக்கு வெளியே உள்ள இருவரிடம் கொடுங்கள். எடுத்தவர் யார், எந்தப் போன், எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதுங்கள். நீதிமன்றம் மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் கேட்கும், அன்று இந்தத் தாள் உதவும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை எல்லோரும் ஒருமுறை செய்து பார்ப்போம். போனோடு வாருங்கள்.