கதிர்வீச்சு ஆபத்தும் தொண்டர் படையும்

தீபாவளிக்கும் சிவராத்திரிக்கும் மாதேஸ்வரன் மலையில் திரளும் கூட்டத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். தமிழரும் கன்னடரும் ஒரே வரிசையில் நிற்பர். அவ்வரிசையைக் கலையாமற் காப்பதும், வழி தவறிய குழந்தையைத் தாயிடம் சேர்ப்பதும், அஞ்சியவரை அவரவர் மொழியிலே தேற்றுவதும் தொண்டர்க்குரிய பணிகள். கதிர்வீச்சு ஆபத்திலும் இப்பணிகளே பெரிதும் தேவைப்படும் என்றால் வியப்பாயிருக்கும்.

1987ஆம் ஆண்டு பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றிலிருந்த சீசியக் கருவியைப் பழைய இரும்பென்று இருவர் எடுத்துச் சென்றனர். அதனுள் நீலமாய் ஒளிர்ந்த பொருளைக் கண்டு மகிழ்ந்து உற்றார் பலர் பகிர்ந்துகொண்டனர். நால்வர் மாண்டனர். செய்தி பரவியதும் நகரம் நடுங்கியது. ஏறத்தாழ 1,12,000 பேரை அரங்கம் முதலிய இடங்களில் கருவிகொண்டு சோதித்தனர். கதிரியக்கப் பொருள் படிந்திருந்தவர் 249 பேரே. அதாவது, ஒருவரைக் கண்டறிய நானூற்றைம்பது பேரைச் சோதிக்க நேர்ந்தது. இத்துணைப் பணியை வல்லுநர் சிலரால் மட்டும் ஆற்ற இயலுமோ?

அணுமின் நிலையத்துக்கு அருகில் வாழ்வோர்க்கு மட்டும் உரிய கவலையன்று இது. 2010ஆம் ஆண்டு டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளுக்குக் கோபால்ட் பொருள் வந்து சேர்ந்தது. தொழிலாளி ஒருவர் உயிர் நீத்தார்.

ஆதலின் தொண்டரை முன்கூட்டியே பயிற்றல் வேண்டும். கற்பிக்க வேண்டியவை சிலவே. ஆபத்தான பொருளருகே தங்கும் நேரத்தைக் குறைத்தல், தூரத்தைக் கூட்டுதல், இடையே தடுப்பு அமைத்தல் ஆகிய மூன்றும் முதற்பாடம். மேலாடையைக் களைந்து உறையிலிட்டாலே படிந்த தூசியிற் பெரும்பகுதி நீங்கிவிடும் என்பது இரண்டாம் பாடம். உயிருக்குப் போராடுபவருக்கு முதலில் சிகிச்சை, பிறகே தூய்மை செய்தல் என்பது மூன்றாம் பாடம். அளவுகருவியைப் பிடிக்கவும், பெயரைப் பதிந்து கொள்ளவும், வதந்தியை மறுக்கவும் பழகவேண்டும்.

செவிலியர், கல்லூரி மாணவர், ஊர்க்காவல் படையினர் ஆகியோரின் பெயர்களை, அவர்கள் அறிந்த மொழிகளோடு மாவட்ட நிர்வாகம் பதிந்து வைத்தல் நலம். ஆண்டுக்கொரு முறையேனும் ஒத்திகை நடத்தல் வேண்டும். அழைப்பின்றி எவரும் ஆபத்து நடந்த இடத்துக்கு விரைதலும் ஆகாது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே, இரு மொழி அறிந்தவர் நீங்கள். அஞ்சி நிற்கும் தாய்க்கு, 'உன் குழந்தைக்குத் தீங்கில்லை' என்று அவளுடைய மொழியிற் சொல்லும் ஒரு சொல் மருந்தினும் சிறந்தது. அச்சொல்லை உண்மையறிந்து சொல்லும் தகுதியைப் பயிற்சியே தரும். வெள்ளம் வருமுன் அணை போடுவோம்.