பாத்திரம் கழுவும் இயந்திரம் நமக்கு வேண்டுமா?

இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது அடுப்படிச் சமாசாரம். ஆண்கள் வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட வேண்டாம். பேச்சின் கடைசிப் பகுதி அவர்களுக்காகத்தான்.

தோட்டத்து வீடுகளில் சோறு வேகவைக்கும் மின்பானை வந்தது. பிறகு குளிர்பெட்டி வந்தது, துணி துவைக்கும் இயந்திரமும் வந்தது. இப்போது கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு வீடு வரும்போது, "அம்மா, மங்கு கழுவ ஒரு மெஷின் வாங்கித் தரட்டுமா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்கும்போதே தாயின் மனம் குளிர்ந்துவிடுகிறது. ஆனால் வாங்கினால் அது உழைக்குமா, துணி மூடிய அலங்காரப் பொருளாக மூலையில் நிற்குமா என்பதை முன்னமே யோசித்துக்கொள்வது நல்லது.

சமவெளித் தோட்டங்களில் இருப்பவர்கள் இதைப் பெரிய காரியமாக நினைக்கமாட்டார்கள். தானா ராத்தாவில் நிலைமை வேறு. நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில். இரவில் குளிர் 15, 16 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஆட்டுக் கொழுப்பு அதற்கும் முன்பே உறையும். ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் குழம்பு வைத்த சட்டியைத் திங்கட்கிழமை விடியற்காலையில் குழாய்த் தண்ணீரில் கழுவிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். விரல் மரத்துப்போகும், கொழுப்பு மட்டும் அசையாது, மெழுகு போலச் சட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சவர்க்காரத்தைக் கூட்டிப் போடுகிறோம். தோல் வெடிக்கிறது. வெடித்த விரலோடு கொழுந்து பறிக்கப் போனால் கறை அந்த வெடிப்பில் ஏறிக் கறுத்துக்கொள்கிறது. ஆகவே, "கையால் கழுவினால் என்ன கெட்டுவிட்டது, எங்கள் பாட்டி கழுவவில்லையா?" என்று சொல்லி இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

பாட்டி எதைக்கொண்டு கழுவினார்? அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும்தான். விறகுச் சாம்பலில் காரம் இருக்கிறது. அது கொழுப்போடு சேரும்போது ஓரளவு சவர்க்காரமாகவே மாறிவிடுகிறது. நார் தேய்த்துக் கொடுக்கிறது. இயந்திரமும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. அதில் போடும் பொடியும் காரப்பொருள்தான். சாம்பலைவிடப் பல மடங்கு கடுமையானது. மாவுச்சத்தையும் புரதத்தையும் கரைக்கும் நொதிகளும் அதில் சேர்ந்திருக்கும். தேய்ப்பதற்குக் கை இல்லாத குறையைச் சுடுநீர் தீர்க்கிறது. சுழலும் கரங்களிலிருந்து 50, 55 டிகிரிச் சூடுள்ள தண்ணீர் வேகமாகப் பாத்திரங்களின் மேல் பீய்ச்சி அடிக்கிறது. அதே தண்ணீர் வடிகட்டப்பட்டுத் திரும்பத் திரும்பப் பாய்கிறது. அதனால்தான் அதற்குத் தண்ணீர் குறைவாகப் போதுகிறது.

இதை உருவாக்கியவர் ஜோசபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1886-ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் வசதியான வீட்டுக்காரர். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததால் செய்தாரா என்றால், இல்லை. வேலைக்காரர்கள் கழுவும்போது அவருடைய விலையுயர்ந்த பீங்கான் தட்டுகள் உடைந்தன. அதைத் தடுக்கத்தான் செய்தார். கணவர் கடன் வைத்துவிட்டுக் காலமானபின் அதையே பிழைப்பாக்கிக்கொண்டார். 1893-ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் அந்த இயந்திரம் வேலை செய்தது. ஓட்டல்கள் வாங்கின, வீடுகள் வாங்கவில்லை. அன்றைய வீடுகளில் அவ்வளவு சுடுநீர் காய்ச்ச வசதி கிடையாது. நம் மலையிலும் இன்று அதன் அருமை முதலில் தெரிவது ஓட்டல் அடுக்களையில்தான். வேளைக்கு நூறு பேர் சாப்பிட்டு எழும் இடத்தில் அது தேவைதானா என்று யாரும் விவாதிப்பதில்லை.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். இயந்திரம் விற்பவர்கள் முதலில் சொல்வது, தண்ணீர் மிச்சமாகும் என்பது. இது பொய்யல்ல. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அழைத்து, 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கொடுத்து, அவரவர் வழக்கப்படி கழுவச் சொன்னார்கள். சராசரியாக ஒருவர் செலவழித்த தண்ணீர் 103 லிட்டர். நேரம் 79 நிமிடம். அதே பாத்திரங்களைக் கழுவ இயந்திரத்துக்கு 15 லிட்டர் அளவு போதுமாயிருந்தது.

இதைக் கேட்டதும் உடனே கடைக்குக் கிளம்பிவிட வேண்டாம். அந்த 103 லிட்டருக்குக் காரணம் பெரும்பாலும் திறந்துவிட்ட குழாய். வீட்டில் ஒரு வாளியைக் குழாயின் கீழே வைத்து, பத்து லிட்டர் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், குழாயைத் திறந்தபடி கால் மணி நேரம் கழுவும்போது 100 லிட்டர் போய்விடுகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நிருவாகம் குழாய்நீரை இலவசமாகத் தரவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் சொல்வதால், நமக்குத் தண்ணீர்க் கட்டணத்தின் உறைப்புத் தெரிவதில்லை. ஆனால் மழை குறைந்த மாதத்தில் குழாய் மெலியும்போது லயத்தின் கடைசி வீட்டுக்காரருக்கு அது தெரியும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2020-ஆம் ஆண்டு இன்னொரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். திறந்த குழாயில் கழுவுவதைவிட இயந்திரம் மேல் என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எல்லாவற்றிலும் குறைந்த கேடு விளைவிப்பது இரண்டு தொட்டி வைத்துக் கையால் கழுவுவதே என்று கண்டார்கள். ஒரு தொட்டியில் சவர்க்காரம் கலந்த சுடுநீர், மற்றொன்றில் அலசுவதற்குத் தண்ணீர். அவ்வளவுதான்.

நம் வீட்டில் இதை இப்படிச் செய்யலாம். சாப்பிட்டு எழுந்தவுடன் அவரவர் தட்டில் ஒட்டியதை வழித்துவிட வேண்டும். எண்ணெய்ச் சட்டியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட வேண்டும். கால்வாயில் ஊற்றினால் நம் குளிருக்கு அது அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். சோற்றுக் குண்டானில் உடனே தண்ணீர் ஊற்றி வைத்தால் பருக்கை காயாது. பிறகு எட்டு லிட்டர் வெந்நீரை ஒரு பேசினில் ஊற்றிக்கொள்ளுங்கள். கை தாங்கும் சூடு, அதாவது 45 டிகிரி இருந்தால் போதும். முதலில் கிளாஸ், அடுத்துத் தட்டு, கரண்டி, கடைசியில் சட்டிபானை. இன்னொரு பேசினில் அலசுவதற்கு எட்டு லிட்டர், முடிவில் ஒரு நாலு லிட்டர். ஆக 20 லிட்டர்.

18 டிகிரியில் வரும் எட்டு லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ கால் யூனிட் மின்சாரம் ஆகும். இயந்திரம் ஒரு முறை ஓட ஒரு யூனிட் அளவு ஆகும். 2025-ஆம் ஆண்டு ஜூன் வரை இருந்த கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு 21.80 சென். அந்தக் கணக்கில் மாதம் முழுதும் நாள்தோறும் இயந்திரத்தை ஓட்டினால் 6 ரிங்கிட் 54 சென். பேசின் முறைக்கு 1 ரிங்கிட் 64 சென். கட்டணம் அதற்குப்பின் மாறிவிட்டது என்றாலும் நாலுக்கு ஒன்று என்ற விகிதம் மாறாது. ஐந்து ரிங்கிட் வித்தியாசம் யாரையும் ஏழையாக்கிவிடாது. ஆகவே மின்சாரச் செலவைக் காட்டி இயந்திரத்தைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இயந்திரம் வெள்ளைக்காரர் சாப்பாட்டு மேசையை மனத்தில் வைத்து உருவானது. தட்டையான தட்டுகள், கோப்பைகள், கரண்டிகள் வரிசையாக நிற்க அதில் இடம் உண்டு. நம் வீட்டில் ஆறு பேர் சாப்பிட்டால் ஆறு தட்டு, ஆறு கிளாஸ். அவை பத்து நிமிட வேலை. கஷ்டமெல்லாம் சோற்றுக் குண்டான், குழம்புச் சட்டி, குவாலி, இட்லிக் கொப்பரை ஆகியவற்றில்தான். குவாலி ஒன்றை உள்ளே வைத்தால் பாதி இடம் போய்விடும். அலுமினியப் பாத்திரத்தை அந்தக் காரப்பொடி அரித்துக் கறுக்கச் செய்யும். இரும்புத் தோசைக்கல்லில் நாம் பல மாதம் எண்ணெய் காட்டிப் பழக்கிய பக்குவம் ஒரே நாளில் போய்த் துருப் பிடிக்கும். மரக் கரண்டியும் மத்தும் வெடிக்கும். பித்தளைச் சாமான் நிறம் இழக்கும். தாராளமாக வைக்கத்தக்கவை எவர்சில்வரும் பீங்கானும் கண்ணாடியும்தான். ஆக, கையால் கழுவச் சிரமமானவையே இயந்திரத்துக்கும் வெளியே நிற்கும்.

இரண்டாவது, வீடு. தோட்டத்து வீடு நம்முடையதல்ல. குழாயில் இணைப்புக் கொடுக்கவும் சுவரில் துளையிடவும் கழிவுநீர்க் குழாய் போடவும் ஆபீசில் கேட்க வேண்டும். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றி ஓட்டும் சிறிய மேசை இயந்திரங்களும் உண்டு; அவற்றுக்குக் குழாய் வேண்டாம். ஆனால் ஒரு முறைக்கு மூன்று நாலு பேர் தட்டுகளுக்கு மேல் கொள்ளாது.

மூன்றாவது, தவணை. 1,500 ரிங்கிட் பொருளை மாதம் 65 ரிங்கிட் வீதம் 36 மாதத் தவணையில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டி முடிக்கும்போது 2,340 ரிங்கிட் ஆகியிருக்கும். கூடுதலாகப் போனது 840 ரிங்கிட். 2025-ஆம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதில் பாதி நாள் உழைப்பு தவணைக்காரருக்கு. "மாதம் அறுபத்தைந்துதானே" என்று கடைக்காரர் சொல்லும்போது அந்த 'தானே' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

இவ்வளவும் சொன்னபின், இயந்திரத்தின் பக்கம் இருக்கும் பெரிய நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அது மிச்சப்படுத்தும் உண்மையான பொருள் நேரம். ஓர் இரவுக்கு முக்கால் மணி நேரம் பாத்திரத்துக்குப் போகிறது என்றால், வருடத்துக்கு 270 மணி நேரத்துக்கு மேல். யாருடைய நேரம் அது? பெரும்பாலும் விடியுமுன் எழுந்து சமைத்து, பிரட்டுக்குப் போய், பகலெல்லாம் சரிவில் நின்று கொழுந்தெடுத்து வந்த தாயின் நேரம். அவளால் முடியாத நாளில் மூத்த பெண் பிள்ளையின் நேரம். அண்ணனும் தம்பியும் தொலைக்காட்சியின் முன்னே இருக்க, எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பெண் குழாயடியில் நிற்கிறாள். இதை நாம் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறோம்.

இயந்திரம் வந்தால் அந்த முக்கால் மணியும் மிச்சமாகுமா? வழித்துப் போடுவது, அடுக்குவது, பிறகு எடுத்து வைப்பது, குண்டானையும் குவாலியையும் தனியே தேய்ப்பது ஆகியவை அப்படியே இருக்கும். நம் கணக்குக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் மிஞ்சலாம். அதே அளவு நேரத்தை, ஒருவர் தேய்க்க ஒருவர் அலசினால் இன்று இரவே மிச்சப்படுத்தலாம். தட்டை அவரவரே கழுவிக் கவிழ்த்துவிட்டால் பாதி வேலை அங்கேயே குறைந்தது. ஆண்களை இருக்கச் சொன்னது இதற்குத்தான். சட்டிபானை தேய்க்க நல்ல புயபலம் வேண்டும். மருந்து தெளிக்கும் எந்திரத்தை முதுகில் சுமந்து மேடு ஏறுகிறவருக்குக் குவாலி ஒரு பொருட்டா?

யாருக்குத்தான் இயந்திரம் தகும்? மூட்டு வலியாலோ கைத் தோல் நோயாலோ தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன தாய்க்குத் தகும். சொந்த வீடு கட்டிக்கொண்டு தாமானுக்குப் போய்விட்ட, எட்டுப் பத்துப் பேர் உள்ள குடும்பத்துக்குத் தகும். வீட்டில் சமைத்துக் கடைத்தெருவில் நாசி லெமாக், பலகாரம் விற்பவர்களுக்கு முதலீடாகவே தகும். இவர்களும் ரொக்கத்துக்கு வாங்க முடிந்தால் நல்லது.

வாங்கியவர்கள் சில விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். இயந்திரம் நிறையும் வரை பொறுத்து, நாளுக்கு ஒரு முறை ஓட்டினால் போதும். தட்டுகளைக் குழாயில் கழுவிவிட்டுப் பிறகு உள்ளே வைப்பது இரட்டைச் செலவு; வழித்துவிட்டு வைத்தால் போதும். சிக்கனமான ஓட்டம் மூன்று மணி நேரம்கூட எடுக்கும், பழுது என்று பயப்பட வேண்டாம். உப்புப் போட வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அது கடின நீர் உள்ள ஊர்களுக்காக. கருங்கல் மலையிலிருந்து வரும் நம் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர் என்பதால், கையேட்டில் மென்னீருக்கு என்ன அளவு சொல்லியிருக்கிறதோ அதன்படி செய்யுங்கள். அடியில் உள்ள வடிகட்டியை வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டும்; இல்லாவிட்டால் நாற்றம் அடிக்கும். கையால் கழுவும் சவர்க்கார நீரை அதில் ஊற்றினால் நுரை பொங்கி வீடெல்லாம் வழியும். அதேபோல் இயந்திரப் பொடியைக் கையில் கொட்டித் தேய்த்தால் தோல் புண்ணாகும். அந்தப் பொடிக்கட்டிகள் சில மிட்டாய் போலப் பளபளவென்று இருக்கும். குழந்தை வாயில் போட்டால் தொண்டையும் குடலும் வெந்துவிடும். பெட்டியை அடுப்படித் தரையில் வைக்காமல், குழந்தை கைக்கு எட்டாத மேல்தட்டில் பூட்டி வையுங்கள்.