ஆறு மாதம் எழாத கரடியும் பாரிட் ஜாவா விருந்தாளிகளும்

(ஜொகூர் பாருவில் நடந்த தொலைக்காட்சி அரங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் அறிவியலை முறையாகப் படித்தவர்கள். நான் படித்தது மக்கள் தொடர்பில் டிப்ளோமா. ஒலிவாங்கியை எப்படிப் பிடிப்பது, கேமராவைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்பதைச் சொல்லிக் கொடுத்தார்கள். வட துருவத்துக் கரடியைப் பற்றி ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் ஒரு சிறுவன்.

பள்ளி விடுமுறையில் ஒரு சிறுவர் நிகழ்ச்சி நடத்தினேன். பனிப் பிரதேச விலங்குகளைப் பற்றிய படம் ஒன்றைக் காட்டிவிட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். குளுவாங் பக்கத்திலிருந்து வந்த நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்தான். "அக்கா, கரடி ஆறு மாசம் தூங்கும்னு சொன்னீங்க. அதுக்கு ஒன்னுக்கு வராதா?" என்று கேட்டான்.

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. ஏனென்றால் அப்போது என் அப்பா பக்கவாதத்தில் படுத்து நான்காவது மாதம்.

படுக்கையில் ஒருவரை வைத்துப் பார்த்த குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிறுநீருக்குக் குழாய். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று வயிற்றில் ஊசி. முப்பது வருடம் பால்மரம் வெட்டிய கால்கள் மூங்கில் குச்சி போல் ஆகிவிட்டன. போதாக்குறைக்கு அவருக்கு இனிப்பு நீர் வேறு. அசையாமல் நான்கு மாதம் படுத்தால் மனிதனுக்கு இந்தக் கதி. அப்படியானால் ஆறு மாதம் குகையில் கிடக்கும் கரடி, வசந்தம் வந்ததும் எழுந்து நடந்து போவது எப்படி?

அந்தப் பையன் கேட்டது வேடிக்கைக் கேள்வியே இல்லை. உலகத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

முதலில் அவனுக்கான பதில். குளிர்கால உறக்கத்தில் கரடி சாப்பிடுவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை, ஒன்றுக்கும் போவதில்லை, இரண்டுக்கும் போவதில்லை. கோடையில் தின்று சேர்த்த கொழுப்புதான் எரிபொருள். கொழுப்பு எரியும்போது உள்ளேயே தண்ணீரும் உண்டாகிறது. நம் உடலில் யூரியா என்ற கழிவு சிறுநீராக வெளியேறுகிறது. கரடியின் உடலோ அந்த யூரியாவை மீண்டும் உடைத்து, அதிலிருந்து புரதம் செய்துகொள்கிறது. குப்பையைக் கொண்டே வீட்டைப் பழுதுபார்ப்பது போல! அதனால்தான் அதன் தசை என் அப்பாவின் தசையைப் போல் உருகிப் போவதில்லை. எலும்பும் தேய்வதில்லை.

அலாஸ்காவில் கருங்கரடிகளை வைத்து ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவுகளைப் படித்தேன். நிமிடத்துக்கு 55 முறை துடிக்கும் இதயம் 14 முறைக்கு இறங்கிவிடுகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே சில சமயம் 20 விநாடி இடைவெளி. உடலின் எரிசக்திச் செலவு கால்பங்குதான். ஆனால் உடல் வெப்பம் மட்டும் 30 பாகைக்குக் கீழே போவதில்லை.

ரத்தம் கட்டும் விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2023-இல் சுவீடன் நாட்டுப் பழுப்புக் கரடிகளின் ரத்தத்தைக் கோடையிலும் குளிர்காலத்திலும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. ரத்தத் தட்டணுக்கள் உறைவதற்குத் துணைபோகும் ஒரு புரதம் இருக்கிறது. எச்.எஸ்.பி.47 என்று பெயர். உறங்கும் கரடியிடம் அது மிகமிகக் குறைந்துவிடுகிறது. இதில் இன்னொரு செய்தி. முதுகுத் தண்டில் அடிபட்டு நீண்ட காலம் அசையாமல் இருக்கும் மனிதர்களிடமும் அந்தப் புரதம் குறைவாகவே இருந்ததாம். அதாவது கரடியின் வித்தை நம் உடலுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. மருந்தாக வருவதற்கு நாளாகலாம். ஆனால் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்த இரவில் எனக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சின்னத் திருத்தமும் சொல்லிவிடுகிறேன். பனிக்கரடி எல்லாம் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் என்று நானே நிகழ்ச்சியில் தவறாகச் சொல்லியிருக்கிறேன். கருவுற்ற பெண் பனிக்கரடி மட்டும்தான் பனிக்குள் குழி தோண்டிப் படுத்து, அங்கேயே குட்டி போட்டுப் பால் கொடுக்கும். ஆண் கரடிகள் இருட்டிலும் உறைந்த கடல்மீது சீல்களைத் தேடி அலைந்துகொண்டே இருக்கும்.

கரடியைவிட ஆச்சரியம் ஒரு அணில். நம் வீட்டுக் கூரையில் ஓடும் அணில் அல்ல. ஆர்க்டிக் தரை அணில், வளை தோண்டி வாழ்வது. வருடத்தில் ஏழெட்டு மாதம் மண்ணுக்கடியில் கிடக்கும். பிரையன் பார்ன்ஸ் என்ற அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர் 1989-இல் அதன் உடல் வெப்பத்தை அளந்து வெளியிட்டார். பூஜ்யத்துக்கும் கீழே 2.9 பாகை! நம் ஐஸ் பெட்டியில் தண்ணீர் கட்டியாகிவிடும் குளிர் அது. அந்தக் குளிரிலும் அதன் ரத்தம் உறைவதில்லை, உயிர் இருக்கிறது.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அந்த அணில் நடுங்கத் தொடங்கும். கைக்குழந்தைகளின் தோள்பட்டைப் பக்கம் இருக்குமே, பழுப்புக் கொழுப்பு, அது அணிலுக்கும் உண்டு. அதை எரித்து உடலை நம் உடல் வெப்பத்துக்குக் கொண்டுவரும். ஒரு நாள்கூட முழுதாக இருக்காது, மறுபடி குளிர்ந்துவிடும். சேர்த்து வைத்த கொழுப்பில் பெரும்பங்கு இப்படிச் சூடேறுவதற்கே செலவாகிறது. சரி, அவ்வளவு செலவு செய்து விழித்து என்ன செய்கிறது தெரியுமா? தூங்குகிறது! நாம் குளிர்கால உறக்கம் என்கிறோமே, அது உறக்கமே இல்லை. மூளை அணைந்து கிடக்கும் நிலை. உண்மையான உறக்கம் உறங்குவதற்காக அது உடலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரவில் மூன்று மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிற நம் ஜொகூர் பாரு மக்களுக்கு, பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு, அந்த அணிலின் ஏக்கம் நன்றாகவே புரியும்.

அடுத்தது தவளை. வட அமெரிக்காவின் காட்டுத் தவளை ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வாழ்கிறது. சருகுக்கு அடியில் படுக்கும். தோலில் முதல் பனித்துகள் பட்டதுமே அதன் ஈரல், சர்க்கரையை ரத்தத்தில் கொட்டத் தொடங்கும். உடல் நீரில் மூன்றில் இரண்டு பங்குவரை கட்டியாகிவிடும். இதயம் நின்றுவிடும். தட்டினால் கல் போலச் சத்தம் வரும். வசந்தத்தில் உருகியதும் இதயம் மறுபடி துடிக்கும், தவளை தாவிப் போகும். அலாஸ்காவில் 2014-இல் வெளியான ஆய்வில் பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகை குளிரிலும், ஏழு மாதம் வரையிலும் உறைந்து கிடந்து பிழைத்தவற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். உயிரணுக்களைக் காப்பது அந்தச் சர்க்கரைதான். நம் சமூகத்தில் வீட்டுக்கு ஒருவரை வாட்டும் அதே சர்க்கரை! குளிர்கால உறக்கத்தில் கரடியின் உடலும் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை, நம் நோயாளிகளைப் போலவே. ஆனால் வசந்தம் வந்தால் கரடிக்குச் சரியாகிவிடுகிறது, நமக்கு ஆவதில்லை. ஏன் என்று அமெரிக்காவில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

படுக்காமல் நின்று சமாளிப்பவர்களும் உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கும் லாங்யர்பியன் ஊரில் அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் தலை காட்டும். அங்கே திரியும் துருவ நரியின் பாதத்துக்குப் போகும் சூடான ரத்தக் குழாயும் பாதத்திலிருந்து திரும்பும் குளிர்ந்த குழாயும் ஒட்டி ஓடுகின்றன. போகிற ரத்தம் வருகிற ரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிடும், அதனால் பாதம் மட்டும் சில்லென்று இருக்கும், உடல் சூடாக இருக்கும். கலைமானின் கண் கோடையில் பொன்னிறம், குளிர்கால இருட்டில் நீலம். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்க இந்த ஏற்பாடு. 2018-இல் ஓர் இளம் துருவ நரி ஸ்வால்பார்டிலிருந்து உறைந்த கடல்மீது நடந்தே கனடா போய்ச் சேர்ந்தது. 76 நாளில் 3,506 கிலோமீட்டர்.

இனி நம் ஊருக்கு வருவோம். டிசம்பர் மழையில் 23 பாகைக்கு இறங்கினாலே போர்வையைத் தேடும் ஜொகூருக்கும் வட துருவத்துக்கும் என்ன உறவு? நெருங்கிய உறவு. தூங்காமலும் தாங்காமலும் கிளம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் பலர் நம்மிடம்தான் வருகிறார்கள்.

முற்காலத்தில் இது யாருக்கும் புரியவில்லை. தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் பொந்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும் என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்தார். பின்னாளில் ஏரிச் சேற்றுக்குள் தூங்கும் என்றுகூட எழுதினார்கள். நம் ஊர் மின்கம்பிகளில் மாலையில் வரிசை பிடித்து உட்காரும் அந்தக் குருவிகளை அவர் பார்த்திருந்தால் மாற்றி எழுதியிருப்பார்!

மூவார் பக்கம் பாரிட் ஜாவாவுக்கு அசாம் பெடாஸ் சாப்பிடப் போகாதவர்கள் இங்கே குறைவு. சாப்பிட்டுவிட்டு அப்படியே கடற்கரைச் சேற்றைப் பாருங்கள். போத்தாக் என்று அழைக்கப்படும் மொட்டைத் தலை நாரைகள் நம் ஊர்க்காரர்கள். ஆனால் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும் சின்னப் பறவைகள், மலாய்க்காரர்கள் கெடிடி என்பார்கள், தமிழில் உள்ளான், அவற்றில் பல சைபீரியாவின் பனிவெளியில் முட்டையிலிருந்து வந்தவை. கீழே பொந்தியான் மாவட்டத்தில், ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாயிலும் குக்கூப் தீவிலும் சதுப்புக் காடும் சேறும் இருக்கின்றன. 2003-இல் இவ்விரண்டையும் சுங்கை பூலாயையும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களாக அறிவித்தார்கள்.

பயணத்துக்கு முன் இந்த வகைப் பறவைகள் தின்று தின்று கொழுக்கும். பட்டைவால் மூக்கன் என்ற பறவை, பறக்கும்போது தேவைப்படாத இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்கிறது. பெட்டியின் எடையைக் குறைப்பது போல. 2022 அக்டோபரில் அந்த இனத்து நான்கு மாதக் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் கடந்தது.

எல்லாப் பறவையும் அப்படிப் பறப்பதில்லை. பெரும்பாலானவை வழியில் இறங்கித் தின்றாக வேண்டும். நம் பக்கம் வருகிறவற்றுக்குப் பெரிய சாப்பாட்டுக் கடை சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடலின் சேற்றுக்கரை. தென் கொரியா 2006-இல் சேமங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் கடல் சுவரைக் கட்டி முடித்தது. அங்கே இறங்கிய பெரிய உள்ளான் கூட்டங்கள் குறைந்துபோயின. வேறு கரைக்குப் போயிருக்கும் என்று ஆறுதல் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் எண்ணிப் பார்த்தபோது அங்கும் குறைந்திருந்தது. பிறகுதான் விழித்துக்கொண்டு 2019-இல் சீனக் கரையையும் 2021-இல் கொரியக் கரையையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் ஜொகூர் நீரிணையிலும் 2014 முதல் கடலைத் தூர்த்துத் தீவுகள் எழுந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வீடும் வேலையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேறு என்றால் வெறும் காலியிடம் என்று நினைத்துத் திட்டம் போடுவதைத்தான் சொல்கிறேன்.

வடக்கிலும் நிலைமை மாறுகிறது. வெப்பம் கூடியதால் தரை அணில்களில் பெண் அணில்கள் 25 ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிடப் பத்து நாள் வரை முன்னதாகவே எழுந்துவிடுகின்றன. ஆண் அணில்கள் பழைய கணக்கில்தான் எழுகின்றன. 2023-இல் வெளிவந்த தகவல் இது. இனச்சேர்க்கைக்குத் தயாராக வேண்டும் என்பதால் எப்போதும் முதலில் எழுவது ஆண்தான். அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போனால், பெண் வெளியே வரும்போது ஆண் தயாராக இருக்காது. சைபீரியாவின் யமால் பகுதியில் 2013 நவம்பரில் பனிமீது மழை பெய்து உறைந்தது. மேய்ச்சல் நிலம் பனிப்பூட்டுக்குள் போனது. அந்தக் குளிர்காலத்தில் 61,000 கலைமான்கள் பட்டினியில் செத்தன. குளிரை அவை தாங்கின. தாங்க முடியாமல் போனது அந்த மழையைத்தான்.

அப்பா இப்போது கைத்தடி ஊன்றி மெல்ல நடக்கிறார். போன மார்ச் கடைசியில் அவரைப் பாரிட் ஜாவாவுக்குக் கூட்டிப் போனேன். கடல் ஏறும் நேரம் பார்த்துப் போக வேண்டும், அப்போதுதான் பறவைகள் கரைக்குப் பக்கத்தில் ஒதுங்கும். காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னிறப் புள்ளி போட்ட ஒன்றைக் காட்டி, "இது நம்ம தோட்டத்துப் பந்துத் திடலுக்கு வருமே" என்றார். "தீபாவளிக்கு முன்ன வரும். சித்திரை பொறந்தா காணாம போயிடும். போற நேரத்துல வயிறு மட்டும் கறுத்துப் போகும், வெயில்ல கறுத்துடுச்சுன்னு ஒங்க பாட்டி சொல்லும்."

அது பசிபிக் பொன் உப்புக்கொத்தி. வயிறு கறுப்பது வெயிலால் அல்ல. சைபீரியாவுக்குத் திரும்பி ஜோடி சேரும் காலத்துக்கான உடுப்பு அது, கிளம்புமுன் நம் ஊரிலேயே மாற்றிக்கொள்கிறது. அப்பாவுக்கு அதைச் சொன்னேன். "அப்படியா, கல்யாண உடுப்பா" என்று சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு வாயின் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

குளுவாங் தம்பி, நீ இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அன்றைக்குச் சிரித்ததற்கு அக்காவை மன்னித்துவிடு.