நண்பனைச் சேர ஒரு நெடுங்கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தொடர் நாடகம் நானூறாவது பகுதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பார்க்க உட்காருகிறவர் என்ன செய்வார்? பக்கத்தில் இருப்பவரிடம், "இந்தப் பெண் யார், அந்த மாமியாருக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்பார். விளம்பர இடைவேளை முடிவதற்குள் விவரம் தெரிந்துவிடும். ஆனால், "முதல் பகுதியிலிருந்து அத்தனையும் பார்த்துவிட்டு வா, பிறகுதான் இந்த நாற்காலியில் இடம்" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? இணையவழிக் கதாபாத்திர விளையாட்டுகள் சிலவற்றில் புதியவருக்கு நேர்வது அதுதான்.

2000ஆம் ஆண்டுகளில் மலேசிய, சிங்கப்பூர் இணைய மையங்களில் இளையர்கள் ராக்னரோக், மேப்பிள் ஸ்டோரி என்று மூழ்கிக் கிடந்ததைப் பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றில் கதை பெயருக்குத்தான் இருந்தது. பூதங்களை அடிப்பது, நிலையை உயர்த்துவது, அவ்வளவே. இன்று சேர்ந்த பையன் அன்றைக்கே வகுப்புத் தோழனோடு சேர்ந்து அடிக்கத் தொடங்கலாம்.

ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பைனல் பேண்டசி 14 வேறு வகை. 2010இல் வெளிவந்து படுதோல்வி கண்ட இந்த விளையாட்டை, நவோகி யோஷிடா என்ற தயாரிப்பாளர் பொறுப்பேற்று, அடியோடு மாற்றி 2013 ஆகஸ்டில் மீண்டும் கொண்டுவந்தார். அதன் முதுகெலும்பே முதன்மைக் கதைதான். புதிய ஊருக்குப் போக வேண்டுமா? நிலவறைச் சண்டையில் இறங்க வேண்டுமா? முதலில் கதையில் அந்த இடத்தை எட்ட வேண்டும். 2015, 2017, 2019, 2021, 2024 என்று ஐந்து பெரிய விரிவாக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். வேலைக்குப் போய்வருகிற ஒருவருக்கு இது பல மாத வேலை; மாதச் சந்தாவும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அண்ணன் ஒருவர், "புதிய பகுதி வந்திருக்கிறது, நீயும் வா" என்று தம்பியை அழைக்கிறார். தம்பி ஆசையோடு நுழைகிறான். அண்ணனோ கதையின் கடைசியில் நிற்கிறார். தம்பி முதல் ஊரில் கடிதம் கொடுத்து, பூப்பறித்துக் கொடுத்து அலைகிறான். சேர்ந்து விளையாட வந்தவன் தனியாகவே நடக்கிறான். பாதியில் விட்டுப் போகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது நியாயமில்லை. அவர்கள் வந்தது கதைக்காக அல்லவே, அழைத்தவருக்காக.

அப்படியானால் கதையைக் கட்டாயம் என்பதிலிருந்து நீக்கிவிடலாமே என்று தோன்றும். அதுவும் எளிதல்ல. 2019இல் வந்த ஷேடோபிரிங்கர்ஸ் விரிவாக்கத்தின் கதையை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். அதில் வரும் தோழர்களோடு ஆரம்பம் முதல் கூடவே நடந்து வந்திருந்தால்தான் அவர்களின் துயரம் மனத்தைத் தொடும்.

வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட் வேறு வழியில் போனது. 2010 டிசம்பரில் பழைய உலகத்தையே திருத்தி எழுதினார்கள். புதியவருக்குத் தொடக்கம் விறுவிறுப்பாக அமைந்தது. ஆனால் அதை முடித்துவிட்டு அடுத்து அவர் போக வேண்டியது 2007, 2008 விரிவாக்கங்களின் நிலப்பகுதிகளுக்கு. முன்னே நடந்து, பின்னே போய், மறுபடி முன்னே வந்தது கதை! 2014இல் பிலிசார்ட் நிறுவனம் ஒரே தாவலில் நிலை 90க்கு ஏறும் வசதியை 60 அமெரிக்க வெள்ளிக்கு விற்றது. 2017இல் ஸ்குவேர் எனிக்ஸும் கதையைத் தாண்டிச் செல்லும் பொருளை விற்பனைக்கு விட்டது. கதவைப் பூட்டியவரே சாவியையும் விற்பது வியாபாரத்துக்குச் சரி. ஆனால் அப்படி உள்ளே போனவருக்கு எதிரில் நிற்பவர் யார், எதிரி யார் என்று தெரியாது. இருபது பொத்தான்கள் கையில் இருக்கும், எதை எப்போது அழுத்துவது என்றும் தெரியாது.

ஆகவே, கதையை வெட்டுவதைவிட, அந்தப் பாதையில் புதியவரைத் தனியாக விடாமல் இருப்பதே முக்கியம். பைனல் பேண்டசி 14 உருப்படியாகச் செய்தது இதைத்தான். தினமும் ஏதாவது ஒரு பழைய நிலவறைக்குக் குலுக்கல் முறையில் செல்லும் மூத்த ஆட்டக்காரருக்குப் பரிசு உண்டு. குழுவில் முதன்முறை வருபவர் இருந்தால் எல்லாருக்கும் கூடுதல் பரிசு. மூத்தவரின் நிலையும் அந்த நிலவறைக்கு ஏற்பத் தானாகக் குறைக்கப்படும். புதியவரின் பெயருக்கு அருகில் ஒரு பச்சை முளை அடையாளம் தெரியும். கிட்டத்தட்ட நாற்றுப் போல.

இதிலும் ஒரு சிக்கல் முளைத்தது. பிரெட்டோரியம் என்பது 2013 கதையின் உச்சக்கட்டம்; அப்போது எட்டுப் பேர் சேர்ந்து போக வேண்டிய இடம். புதியவர் கதைக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பரிசுக்காக வந்த மற்றவர்கள் காட்சியைத் தள்ளிவிட்டு ஓடிவிடுவார்கள். அவர் திரும்பி வருவதற்குள் எதிரி செத்துக் கிடப்பான். மாதக்கணக்கில் காத்திருந்து வந்தவருக்குக் கிடைத்தது வெறும் பிணம்! பிறகு, காட்சியை யாரும் தாண்ட முடியாதபடி செய்தார்கள். இப்போது மூத்தவர்கள், பலமுறை பார்த்துச் சலித்த அதே காட்சிகளின் முன் பொறுமையிழந்து உட்கார்ந்தார்கள். 2022 ஏப்ரலில்தான் அது சீரானது. பிரெட்டோரியம் நான்கு பேருக்கானதாக மாறியது. இறுதிச் சண்டை தனியே பிரிக்கப்பட்டது. கணினியே இயக்கும் தோழர்களோடு புதியவர் தம் வேகத்தில் செல்லவும் வழி பிறந்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயிற்று.

கத்தரியும் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. 2020 ஆகஸ்டில் தொடக்கக் கதையின் பணிகளில் சுமார் 13 விழுக்காட்டை நீக்கினார்கள். விருந்துக்குப் பொருள் சேகரிக்கும் அலைச்சல் போனதற்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை. அப்போதே முதல் விரிவாக்கமும் இலவசச் சோதனைக்குள் சேர்ந்தது. 2023 அக்டோபரில் இரண்டாவதும் சேர்ந்தது. நிலை 70 வரை, கால வரம்பின்றி. மாதச் சந்தா ஓடுகிறதே என்ற பதற்றம் தம்பிக்கு இனி இல்லை.

ஆனால் 2024 ஜூலையில் வந்த டான்டிரெயில், புதிய கதையின் தொடக்கம் என்று அறிவிக்கப்பட்டும், பழைய கதை முழுவதையும் முடித்தவருக்கே கதவைத் திறந்தது. அண்ணன் அங்கே இருக்கிறார், தம்பி முதல் ஊரில். இலவசக் கணக்கில் இருப்பவர் குழுவை உருவாக்க முடியாது, பொது அரட்டையில் உரக்கக் கூப்பிடவும் முடியாது. வேறொருவர் அழைத்தால் சேரலாம். அண்ணன்தான் முதல் ஊருக்குத் திரும்பி வந்து அழைக்க வேண்டும்.