கேக்குக்கு விலை சொல்லும்போது கைவேலைக்கும் பேர் போடுங்கள்

(தோட்ட மகளிர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கேக் செய்வது எப்படி என்று சொல்ல நாங்கள் இன்றைக்கு வரவில்லை. அது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். செய்த கேக்குக்கு விலை சொல்வது எப்படி என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

முன்பெல்லாம் பிள்ளையின் பிறந்த நாளுக்கு ஒரு கேக் வேண்டுமென்றால் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். இப்போது பல டிவிசன்களில் லயத்திலேயே அவன் வைத்து, ஐசிங் போட்டு, பெயர் எழுதிக் கொடுக்கிறீர்கள். பிறந்த நாள், சடங்கு, கல்யாணம், கிறிஸ்மஸ் என்று ஓடர் வருகிறது. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மூன்று நான்கு மாதம் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு தங்கச்சி எங்களிடம் வந்தார். மகளின் டியூசன் காசுக்காகத் தொடங்கியவர். ஓடருக்குக் குறைவில்லை. ஆனால் மாதக் கடைசியில் கையில் காசில்லை. சீட்டுக் கட்டவும் வழியில்லை. "நமக்கு ராசி இல்லீங்க ஐயா, அவனை வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். ராசியை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம் என்று சொல்லி, கொப்பியை எடுத்து உட்கார்ந்தோம். அந்தக் கணக்கைத்தான் இப்போது கரும்பலகையில் எழுதுகிறோம். விலைகள் கணக்குக்காகப் போட்டவை. நீங்கள் உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோதுமை மா 250 கிராம் - 50 ரூபா
சீனி 250 கிராம் - 60 ரூபா
மாஜரின் 500 கிராம் (பாதி கேக்குக்கு, பாதி ஐசிங்குக்கு) - 900 ரூபா
முட்டை 5 - 175 ரூபா
ஐசிங் சீனி 500 கிராம் - 300 ரூபா
வனிலா, பேக்கிங் பவுடர், கலர், பால் - 115 ரூபா
மொத்தம் 1600 ரூபா.

தங்கச்சி இந்தக் கேக்கை 2500 ரூபாவுக்குக் கொடுத்தார். 900 ரூபா லாபம் என்று நினைத்துக்கொண்டார். இங்கேதான் கணக்கு பிழைக்கிறது. அடியில் வைக்கும் பலகை, பெட்டி, ரிபன், மெழுகுவர்த்தி 350 ரூபா. கேஸ் 150 ரூபா. சாமான் வாங்க டவுனுக்குப் போய்வந்த பஸ் காசு 200 ரூபா. தட்டும் பீட்டரும் தேய்கிறது, சில நேரம் முட்டை கெடுகிறது, ஒரு கேக் கருகுகிறது. அதற்கு 200 ரூபா. எல்லாம் சேர்த்தால் எவ்வளவு? சரியாக 2500 ரூபா. போட்ட காசுதான் திரும்பி வந்திருக்கிறது. இரவு பதினொரு மணி வரைக்கும் கண் முழித்துப் பூப்போட்ட வேலைக்கு ஒரு சதமும் இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலையில் கொழுந்து நிறுக்கும்போது சாக்கு நிறை, தண்ணி நிறை என்று ஒரு கிலோ கூடக் கழித்தாலும் நாம் சும்மா இருக்கிறோமா? "ஏன் கழிச்சீங்க?" என்று கேட்கிறோம். முழுப்பேருக்குப் பதிலாக அரைப்பேர் விழுந்தால் சங்கம் வரைக்கும் போகிறோம். அது நியாயம். ஆனால் வீட்டில் செய்த வேலைக்கு நாமே பேர் போடாமல் விட்டுவிடுகிறோம். கேட்டால், "வீட்டில சும்மா இருக்கிற நேரந்தானே" என்கிறோம். கொழுந்தெடுத்துவிட்டு வந்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு செய்கிற வேலை அது. அது சும்மா இருக்கிற நேரமா?

ஆகவே கைவேலைக்கும் பேர் போட வேண்டும். எப்படி? தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1350 ரூபாவாகக் கூட்டப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது உங்கள் சம்பளச் சீட்டில் ஒரு நாளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதை எட்டால் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கான சம்பளம் வரும். நாங்கள் கணக்குக்கு 200 ரூபா என்று வைக்கிறோம். மாவடித்துச் சுட ஒன்றரை மணி, ஐசிங் போட மூன்று மணி, கழுவிப் பெட்டியில் வைக்க அரை மணி. ஆக 5 மணித்தியாலம், 1000 ரூபா. 2500உம் 1000உம் 3500. அதன்மேல் தொழில் வளர நூற்றுக்குப் பத்து என்று 350 ரூபா வையுங்கள். சொல்ல வேண்டிய விலை 3850 ரூபா.

சிலர் "கிலோவுக்கு இவ்வளவு" என்று மட்டும் விலை சொல்கிறார்கள். இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. முதலாவது, எது ஒரு கிலோ? நாங்கள் எழுதின அளவில் கேக் மட்டும் சுட்டு எடுத்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். ஐசிங் போட்டால் ஒன்றரைக் கிலோவுக்கு மேலே போகும். ஐசிங்கோடா, ஐசிங் இல்லாமலா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இரண்டாவது, வேலை நிறையில் இல்லை. ஒரே நிறையில் ஒன்றுக்கு ஓரத்தில் மட்டும் நட்சத்திரப் பூ, இன்னொன்றுக்கு மேலே முழுக்க ரோசாப்பூ. ஒரு ரோசாப்பூவுக்கு 5 நிமிஷம் என்றால் 24 பூவுக்கு 2 மணித்தியாலம். அது 400 ரூபா வேலை. பொம்மைக் கேக், வண்ணத்துப்பூச்சிக் கேக், சடங்குக்கு வைக்கிற இரண்டு மூன்று தட்டுக் கேக் எல்லாவற்றுக்கும் இப்படி மணிக்கணக்குப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். தட்டுக் கேக்கை ஓட்டோவில் கொண்டுபோக வேண்டியிருந்தால் ஓட்டோக் காசும் வேறாக. நம் தோட்டத்து ரோட்டில் அது உடையாமல் போய்ச் சேர்வதே பெரிய வேலை!

"டவுன் பேக்கரியில இதவிடக் குறைவு" என்று கேட்பார்கள். கோபப்பட வேண்டாம். பேக்கரிக்காரர் மாவை மூட்டையாக வாங்குகிறார், ஒரே தடவையில் பல கேக் சுடுகிறார். நீங்கள் ஒருவருக்காக ஒன்று செய்கிறீர்கள். கேட்கிறவரிடம் காசு குறைவென்றால் விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "அக்கா, அந்தக் காசுக்கு அரைக் கிலோவில செஞ்சு தாரேன்", "பூவைக் குறைச்சிட்டுப் பேர் மட்டும் எழுதித் தாரேன்" என்று சொல்லுங்கள். அவருக்கும் கேக் கிடைக்கும், உங்களுக்கும் நட்டமில்லை.

சொந்தக்காரரிடம் எப்படிக் காசு கேட்பது என்று கூச்சப்படுகிறீர்கள். நியாயம்தான். தங்கச்சி மகளின் சடங்குக்குக் கேக்கை மொய்யாகக் கொடுங்கள், வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மொய் எழுதுவதுபோல அதன் முழு விலையையும் உங்கள் கொப்பியில் எழுதிவையுங்கள். எத்தனை மொய் வைத்தோம், எத்தனை விற்றோம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மற்றவர்களிடம் ஓடர் எடுக்கும்போதே பாதிக் காசை முற்பணமாக வாங்குங்கள். அந்தக் காசில்தான் சாமான் வாங்க வேண்டும், வீட்டுச் செலவுக் காசில் அல்ல. "சம்பளத்தன்னைக்குத் தாரேன்" என்கிறவரிடமும் சாமான் காசையாவது முன்னுக்கு வாங்கிவிடுங்கள். திகதி, நிறை, நிறம், எழுத வேண்டிய பெயர், விலை, முற்பணம் எல்லாவற்றையும் எழுதி அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கேஸ் செலவு தெரியவில்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. புதுச் சிலிண்டர் போட்ட திகதியை எழுதி, அது முடியும்வரை கேக்குக்கு மட்டும் பாவித்துப் பாருங்கள். சிலிண்டர் விலையை எத்தனை கேக் சுட்டீர்களோ அத்தனையால் பிரித்தால் ஒரு கேக்குக்கான கேஸ் செலவு வந்துவிடும். மாதம் ஒருமுறை சாமான் விலையையும் சரிபாருங்கள். 2022ஆம் ஆண்டில் மாவும் சீனியும் கேஸும் ஏறின விதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாமான் ஏறும்போது பழைய விலையிலேயே கொடுத்தால் அந்த வித்தியாசம் நம் அடுப்பிலிருந்துதான் போகும்.

அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த 1000 ரூபா உங்கள் வீட்டுக்காரியின் கைக்கூலி. கேக் காசு வந்ததென்று அன்றைக்கே கைநீட்டாதீர்கள். முதலில் அடுத்த கேக்குக்குச் சாமான் காசு, பிறகு பிள்ளையின் படிப்பு.

அந்தத் தங்கச்சி அவனை விற்கவில்லை. விலையைக் கூட்டியதும் இரண்டு மூன்று பேர் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் முன்பைவிடக் குறைவாகச் சுட்டு, டியூசன் காசைத் தவறாமல் கட்டுகிறார்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் ஒரு கொப்பியோடு வாருங்கள். உங்கள் கேக்கின் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.